எண்ணுக்கு மருந்தா, பிள்ளைக்கு மருந்தா?

அக்காவுக்கு 27-ஆவது வாரத்திலேயே வலி கண்டுவிட்டது. காரைக்கால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்த நாள். கருக்களாச்சேரியில் யாரும் கடலுக்குப் போகவில்லை, படகுகளெல்லாம் மேட்டில் ஏறிக் கிடந்தன. அதனால் அப்பாவும் அத்தானும் வீட்டில் இருந்தார்கள். அன்றைக்கு நடந்த நல்லது அது ஒன்றுதான்.

எங்கள் ஊர் புதுச்சேரி அரசைச் சேர்ந்தது. ஆனால் சுற்றிலும் தமிழ்நாடு. வடக்கே புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். மேற்கே தஞ்சாவூர். தெற்கே பக்கத்திலேயே நாகப்பட்டினம். எந்தத் திசையில் போவது என்று ஆம்புலன்ஸ் டிரைவரும் போனில் பேசிய நர்ஸும் சேர்ந்து முடிவு செய்தார்கள். எந்த மருத்துவமனைக்குப் போனோம் என்பதை இங்கே சொல்லவில்லை. ஆனால் அந்தத் திசை விஷயத்துக்குப் பிறகு திரும்ப வருவேன்.

பையன் பிறந்தபோது 900 கிராம். அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே, "நம்ம கையில பாதி இருப்பானா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் ராத்திரி, பச்சிளங்குழந்தை வார்டிலிருந்து ஒரு இளம் டாக்டர் வெளியே வந்தார். எங்களைவிடக் களைத்துப்போயிருந்தார்.

"சர்க்கரை ஏறிக்கிட்டே இருக்கு. 286 காட்டுது. ட்ரிப்ஸைக் குறைச்சுப் பார்க்கிறோம். இறங்கலைன்னா இன்சுலின் ஆரம்பிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கணும்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. தினமும் காலையில் 16 யூனிட் போட்டுக்கொள்கிறவள். "என்கிட்டேருந்துதான் வந்துச்சா டாக்டர்?" என்றாள்.

"இல்லம்மா. இது உங்களுக்கு இருக்கிற சர்க்கரை நோய் இல்லை. உங்ககிட்டேருந்து வரலை" என்றார் டாக்டர். பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை இந்தக் கட்டுரை வரை கொண்டுவந்து விட்டது. "இதுல டாக்டர்களுக்குள்ளேயே ரெண்டு அபிப்பிராயம் இருக்கு."

எனக்குக் கோபம் வந்தது. 900 கிராம் உயிரை வைத்துக்கொண்டு அபிப்பிராயம் என்ன வேண்டியிருக்கிறது? போட வேண்டுமென்றால் போடு, வேண்டாமென்றால் விடு. அன்று ராத்திரி வராந்தாவில் கொசுக்கடிக்கு நடுவே போனில் படிக்க ஆரம்பித்தேன். நான் டாக்டர் இல்லை. இலக்கியம் படிக்கிறவன். அந்தப் பழக்கத்தில், ஒரு கதையை எப்படிப் படிப்பேனோ அப்படித்தான் படித்தேன். யார் எதற்காக இதைச் செய்கிறார்கள், செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று.

*

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வயிற்றில் இருக்கும்வரை குழந்தைக்குச் சர்க்கரை தொப்புள்கொடி வழியாக நிற்காமல் வந்துகொண்டே இருக்கிறது. வாங்கிச் செலவழிப்பது மட்டும்தான் அதன் வேலை. கணக்குப் பார்க்கும் பொறுப்பு தாயுடையது. மூன்று மாதம் முன்னதாகவே வெளியே வந்த குழந்தைக்கு அந்தக் கணக்குப்பிள்ளை திடீரென்று இல்லாமல் போகிறார். கணையம் இன்னும் தேறவில்லை. அது சுரக்கும் இன்சுலினில் ஒரு பகுதி முழுசாகப் பக்குவப்படாதது. ரத்தத்தில் சர்க்கரை போதுமான அளவு இருக்கும்போது, பெரியவர்களின் கல்லீரல் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். இந்தக் குழந்தையின் கல்லீரல் அதை ஒழுங்காக நிறுத்துவதில்லை. மூச்சுத்திணறல், தொற்று, ஊசிக்குத்து என்று உடம்பு படும் பாட்டில் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடுகின்றன. போதாததற்கு, வாயால் குடிக்க முடியாத குழந்தைக்கு உயிர் பிழைக்க நாமே நரம்பு வழியாகச் சர்க்கரைத் தண்ணீரை ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

சர்க்கரை மிகவும் ஏறினால் என்ன ஆகும்? சிறுநீரோடு தண்ணீரும் இழுத்துக்கொண்டு போய்விடும். இப்படிச் சர்க்கரை ஏறிய குழந்தைகளிடையே மரணமும், மூளைக்குள் ரத்தக்கசிவும், விழித்திரைக் கோளாறும் கூடுதலாகக் காணப்படுகின்றன. சரி, ஏற்றும் சர்க்கரையைக் குறைத்துவிடலாமே என்றால், வளரவேண்டிய மூளை பட்டினி கிடக்கும். ஒரு கிலோவுக்குக் குறைந்த உடம்பில் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. அவனுக்கு நாள் முழுக்க ஏறிய சர்க்கரை ஏறக்குறைய 8 கிராம். இரண்டு தேக்கரண்டி. அதில் பாதியைக் குறைத்தால் பாதிச் சாப்பாட்டைப் பிடுங்குகிறோம் என்று அர்த்தம்.

அப்படியானால் சாப்பாட்டைக் குறைக்காமல் இன்சுலினைக் கொடுத்து, சர்க்கரையை உடம்புக்குள் சேர வைக்கலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. 1922 ஜனவரியில் டொரண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற பதினாலு வயதுப் பையனுக்கு முதன்முதலாக ஏற்றப்பட்ட அந்த மருந்து, அதற்குமுன் செத்துக்கொண்டிருந்த எத்தனையோ பிள்ளைகளைப் பிழைக்க வைத்தது. அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அளவைப் பாருங்கள்.

நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின். ஒரு சொட்டு என்பது ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு சொட்டில் 2 யூனிட். ஆய்வுகளில் பயன்படுத்திய ஓர் அளவு, ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.05 யூனிட். 900 கிராம் குழந்தைக்கு மணிக்கு 0.045. அந்த ஒற்றைச் சொட்டு அவனுக்கு 44 மணி நேரத்துக்கு வரும். அம்மா காலையில் போட்டுக்கொள்ளும் 16 யூனிட், அவனுக்குப் பதினைந்து நாள் கணக்கு. குப்பியிலிருந்து எடுத்து, கலந்து, மறுபடி கலந்து, சிரிஞ்ச் பம்பில் வைத்து ஓட்டுகிறார்கள். அதிலும் இன்சுலினுக்கு ஒரு குணம்: பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். முன்கூட்டியே குழாயை அந்தக் கரைசலால் நனைத்து வைக்காவிட்டால், ஆரம்பத்தில் குழந்தைக்குப் போகவேண்டியது குழாய்க்குப் போய்விடும். ஒன்றும் நடக்கவில்லையே என்று அளவைக் கூட்டினால், பிறகு மொத்தமும் சேர்ந்து வேலை செய்யும்.

அளந்து பார்ப்பதும் சும்மா இல்லை. அவன் உடம்பில் இருந்த ரத்தமே சுமார் 80 மில்லி. ஒரு டீ கிளாஸ் நிறையாது. 100 இருக்கவேண்டிய இடத்தில் 286 என்றால், அந்த ரத்தத்தில் கூடுதலாகக் கரைந்திருக்கும் சர்க்கரை வெறும் 150 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட இல்லை. அந்த ஒரு சிட்டிகைக்காகத்தான் ஒரு வார்டே விழித்திருந்தது.

*

இன்சுலின் போடலாமா என்ற கேள்விக்கு உலகம் விடை தேடிப் பார்த்திருக்கிறது.

2008-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் காத்ரின் பியர்ட்சலும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 'நர்ச்சர்' என்று அதற்குப் பெயர். மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளுக்கு, சர்க்கரை ஏறும்வரை காத்திருக்காமல், முதல் நாளிலிருந்தே ஒரு வாரத்துக்கு இன்சுலின் கொடுத்தால் என்ன? சர்க்கரை சீராக இருக்கும், சத்தும் கூடுதலாகக் கொடுக்கலாம், குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடும். இதுதான் எதிர்பார்ப்பு. 195 குழந்தைகளுக்கு இன்சுலின், 194 குழந்தைகளுக்கு வழக்கமான சிகிச்சை. யார் எந்தப் பக்கம் என்பதை முடிவு செய்தது குலுக்கல்.

எண்கள் எதிர்பார்த்தபடியே வந்தன. இன்சுலின் வாங்கிய குழந்தைகளுக்குச் சர்க்கரை இறங்கியது. எடை இழப்பும் குறைந்தது. ஆனால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். தாழ்சர்க்கரை, அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் 47-க்குக் கீழே இருந்தது, இன்சுலின் பக்கம் 29 சதவீதம். மறுபக்கம் 17 சதவீதம். முக்கியமான கேள்வியான உயிர் பிழைப்பதில், பிரசவம் ஆகியிருக்கவேண்டிய தேதிவரை பார்த்தால், இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. முதல் 28 நாள் கணக்கை மட்டும் பார்த்தால், இன்சுலின் பக்கம் மரணங்கள் அதிகம்.

அந்த வராந்தாவில் இதைப் படித்தபோது, ஓடிப்போய் டாக்டரிடம் "போடாதீங்க" என்று கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் கொஞ்சம் பொறுத்துப் படித்தால் புரியும், அது எங்கள் கேள்விக்கான விடை இல்லை. அவர்கள் கொடுத்தது தடுப்பதற்காக, எல்லாருக்கும். எங்கள் பையனுக்கோ ஏற்கெனவே ஏறிவிட்டது.

ஏறியவர்களை மட்டும் எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு நியூசிலாந்தில் நடந்திருக்கிறது. 2012-இல் வெளியானது. 88 குழந்தைகள். ஒரு பக்கம் இன்சுலினால் சர்க்கரையை 72-க்கும் 108-க்கும் நடுவே இறுக்கிப் பிடித்தார்கள். மறுபக்கம் 144 முதல் 180 வரை விட்டுப்பிடித்தார்கள். இறுக்கிப் பிடித்த குழந்தைகளுக்குத் தலை நன்றாக வளர்ந்தது, எடையும் கூடியது. ஆனால் கால் வளர்ச்சி குறைந்தது, தாழ்சர்க்கரை அதிகமானது. அதே குழந்தைகளை ஏழு வயதில் மறுபடி பார்த்தார்கள். ஊனமில்லாமல் பிழைத்திருப்பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இறுக்கிப் பிடித்த பிள்ளைகள் கொஞ்சம் குள்ளம். வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் குறைவு. லாபம் எது, நட்டம் எது? ஸ்வீடனில் 27 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தவர்களோ, சர்க்கரை ஏறியவர்களில் இன்சுலின் வாங்கியவர்களிடையே மரணம் குறைவு என்றார்கள். அது குலுக்கிப் போட்டுப் பார்த்தது அல்ல, நடந்ததை எண்ணிப் பார்த்தது. யாருக்குப் போடுவது என்று டாக்டர்கள் தேர்ந்தெடுத்த விதமே அந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்திருக்கலாம்.

2018-இல் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொன்னது நிதானமானது. முதலில் ஏற்றும் சர்க்கரையை நியாயமான அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் திரும்பத் திரும்ப 180-ஐத் தாண்டினால் இன்சுலின். எங்கள் டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். 'ரெண்டு அபிப்பிராயம்' என்று அவர் சொன்னது அறியாமையால் வந்த தடுமாற்றம் என்று நான் நினைத்திருந்தேன். இரவு மூன்று மணிக்குப் புரிந்தது, மனித அறிவு அந்த இடத்தில் எதுவரை வந்திருக்கிறதோ அதை அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

*

துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் புயல் வருகிறது என்று அர்த்தம். கூண்டை இறக்கிவிட்டால் புயல் நின்றுவிடாது. இது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மருத்துவத்தில் மட்டும் இது நமக்கு மறந்துபோகிறது. திரையில் சிவப்பாக ஓர் எண் மினுக்கும்போது அதை அடக்கவேண்டும் என்று கை துறுதுறுக்கிறது.

286 என்பது கூண்டா, புயலா? நோய் முற்றிய குழந்தைக்குத்தான் சர்க்கரை ஏறுகிறது என்றால், சர்க்கரை வெறும் அடையாளம். அதை மட்டும் இறக்கிக் குழந்தை பிழைத்துவிட்டதாக நினைப்பது, கூண்டை இறக்கிவிட்டுக் கடலுக்குப் போவதைப் போன்றது. ஆனால் உவமை இங்கே முழுசாகப் பொருந்தவில்லை. கூண்டு யாரையும் கடிக்காது. சர்க்கரை கடிக்கும். அது அடையாளமாகவும் இருக்கலாம், காரணமாகவும் இருக்கலாம். எந்த அளவில் அடையாளம் காரணமாக மாறுகிறது என்பதுதான் யாருக்கும் உறுதியாகத் தெரியாத இடம். தெரியாத இடத்தில் ஒரு குழந்தையின் முன்னால் நிற்கும்போது எது அறம்?

'ஏதாவது செய்' என்று ஒரு குரல் எப்போதும் கேட்கும். என்னுடைய குரலும் அதுதான். அந்தக் குரலுக்கு வரலாறு நல்ல சாட்சி சொல்வதில்லை. நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மன் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். குறைமாதக் குழந்தைகள் ஏனென்றே தெரியாமல் கண் பார்வை இழந்துகொண்டிருந்த காலம். ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனைக் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பார்வை தப்பியது. பக்கத்து மருத்துவமனையில் அது கொடுக்கப்படாத ஏழு குழந்தைகளில் ஆறு பேருக்குப் பார்வை போனது. வேறு யாராக இருந்தாலும் மருந்து கிடைத்துவிட்டது என்று கொண்டாடியிருப்பார்கள். சில்வர்மன் குலுக்கிப் போட்டுப் பார்த்தார். மருந்து வாங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பார்வை போனது. வாங்காதவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான். மருந்துப் பக்கம் இறந்தவர்களும் அதிகம். கருணையும் கண்ணால் கண்டதும் சேர்ந்தே அவரை ஏமாற்றியிருந்தன.

பார்வை போனதற்குக் காரணம் பிறகு தெரிந்தது. குழந்தைகளைக் காப்பாற்றுவதற்காக இன்குபேட்டருக்குள் தாராளமாக விட்ட ஆக்சிஜன். 1951-இல் மெல்போர்னில் கேட் கேம்பல் அந்தச் சந்தேகத்தை எழுப்பினார். 1953-54-இல் அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. அதற்குள் உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகளுக்குப் பார்வை போயிருந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் பாடம் சுலபம்: கையைக் கட்டிக்கொண்டு இரு, இயற்கை பார்த்துக்கொள்ளும். ஆனால் முடியவில்லை. பயந்துபோன மருத்துவ உலகம் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்தது. பார்வையிழப்பு குறைந்தது. 1973-இல் கென்னத் கிராஸ் ஒரு கணக்குப் போட்டார். காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் சுமார் 16 குழந்தைகள் ஆக்சிஜன் போதாமல் இறந்திருக்கலாம் என்று. பார்வையிழந்த குழந்தை வளர்ந்து நம் முன்னால் நிற்கும். இறந்த குழந்தை நிற்காது. அதனால் செய்ததன் குற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. செய்யாமல் விட்டதன் குற்றம் தெரிவதில்லை. சும்மா இருப்பவனின் கை சுத்தம் என்று நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், அவன் கையை யாரும் திருப்பிப் பார்க்காததுதான்.

அப்பாவிடம் மறுநாள் இதையெல்லாம் எனக்குத் தெரிந்த மொழியில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "புதுசாச் சுக்கான் புடிக்கிறவன் இப்படித்தான் பண்ணுவான்" என்றார். "படகு வலப்பக்கம் போவுதுன்னு இடப்பக்கம் ஒரேயடியா ஒடிப்பான். திரும்புறதுக்கு நேரம் ஆவும்ல? அதுக்குள்ள பத்தலன்னு இன்னும் ஒடிப்பான். அப்புறம் மொத்தமாத் திரும்பி அலைக்கு முதுவு காட்டிரும். கொஞ்சமா ஒடிச்சிட்டு பார்த்துக்கிட்டே இருக்கணும். சுக்கான விட்டுட்டு சும்மாவும் இருக்கப்படாது."

இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வறிக்கையும் எனக்குச் சொல்லவில்லை.

*

அக்கா கேட்ட கேள்வி வேறு. அவளுக்கு ஆய்வுகளைப் பற்றிச் சொன்னபோது, மருந்தின் பெயரோ எண்ணோ அவள் காதில் ஏறவில்லை. "குலுக்கிப் போட்டாங்களா? பிள்ளைங்கள வச்சா?" என்றாள். "எந்த அம்மா தம்பி இதுக்குச் சரின்னு சொல்லியிருப்பா?"

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள விரும்பவில்லை. டாக்டருக்கும் தாய்க்கும் இந்தக் குழந்தைதான் முக்கியம். ஆய்வுக்கு இனி வரப்போகும் குழந்தைகள் முக்கியம். படுத்திருக்கும் குழந்தையை, இன்னும் பிறக்காத குழந்தைகளுக்காகப் பயன்படுத்துகிறோமா? அதுவும் பிறந்த முதல் நாளில், தையல் வலியோடு மயக்கம் தெளியாமல் கிடக்கும் ஒரு பெண்ணிடம் கையெழுத்துக் கேட்பதில் சம்மதம் எவ்வளவு, பயம் எவ்வளவு? மறுத்தால் பிள்ளையைச் சரியாகக் கவனிக்க மாட்டார்களோ என்று நினைக்காத ஏழைத் தாய் உண்டா? இந்தச் சந்தேகங்கள் நியாயமானவை. பதில் சொல்லாமல் தாண்டிப் போகக்கூடாதவை.

ஆனாலும் நான் குலுக்கலின் பக்கம்தான் நிற்கிறேன். காரணம், அந்த ஆம்புலன்ஸ்.

எங்கள் வண்டி வடக்கே போயிருந்தால் ஒரு டாக்டர், மேற்கே போயிருந்தால் இன்னொரு டாக்டர். ஒருவர் 200-இலேயே இன்சுலின் தொடங்குபவராக இருக்கலாம். இன்னொருவர் 300 வரை காத்திருப்பவராக இருக்கலாம். இருவருமே மனசாட்சி உள்ளவர்கள், இருவருமே நன்றாகப் படித்தவர்கள். என் மருமகன் எந்தச் சிகிச்சையைப் பெறுவான் என்பதை அன்று முடிவு செய்தது டிரைவர் திருப்பிய திசை. அதுவும் குலுக்கல்தான். ஒரே வித்தியாசம், அந்தக் குலுக்கலின் முடிவை யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் யாரும் எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை. 2020-இல் மட்டும் இந்தியாவில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சுமார் 30 லட்சம். உலகத்திலேயே அதிகம். இவ்வளவு குழந்தைகளை வைத்துத் தினமும் எழுதப்படாத சீட்டைக் குலுக்கிக்கொண்டிருக்கிறோம்.

ஊரில் பங்கு பிரிக்கும்போது, யாருக்கு எது என்று சொல்ல ஒருவருக்கும் தனி நியாயம் இல்லாத இடத்தில்தான் சீட்டுப் போடுவார்கள். நியாயம் தெரிந்த இடத்தில் சீட்டுப் போட்டால் அது அயோக்கியத்தனம். தெரியாத இடத்தில் தெரிந்த மாதிரி நடித்துப் பங்கு பிரித்தால் அதுவும் அயோக்கியத்தனம். மருத்துவ ஆய்வுக்கும் இதே விதிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். உண்மையிலேயே தெரியாமல் இருக்கவேண்டும். தெரியாது என்பதைத் தாயிடம் அவள் மொழியில் சொல்லவேண்டும். மறுப்பவளுக்கும் அதே கவனிப்பு கிடைக்கவேண்டும். தீங்கு என்று தெரிந்த கணத்தில் நிறுத்தவேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அக்காவின் கோபம்தான் சரி.

நிறுத்துவது எப்போதும் கெட்ட செய்தி என்பதும் இல்லை. கங்காரு முறை என்று ஒன்று இருக்கிறது. குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோலோடு தோலாகக் கட்டிவைப்பது. இன்குபேட்டர் போதாத கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970-களின் கடைசியில் எட்கர் ரே தொடங்கி வைத்தது. குழந்தை நிலையான பிறகுதான் இப்படி வைக்கவேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. பிறந்தவுடனேயே வைத்தால் என்ன என்று, உலக சுகாதார நிறுவனம் இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலும் குலுக்கிப் போட்டுப் பார்த்தது. 2021-இல் முடிவு வந்தது. முதல் 28 நாளில் மரணம் 15.7 சதவீதத்திலிருந்து 12 ஆகக் குறைந்திருந்தது. அந்த ஆய்வையும் பாதியில் நிறுத்தினார்கள், நன்மை அவ்வளவு தெளிவாக இருந்ததால். அதில் சேர்ந்தவை ஒரு கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகள். எங்கள் பையன் அந்த எல்லைக்கு 100 கிராம் வெளியே. ஒன்றில் நவீன மருந்து தோற்றது, இன்னொன்றில் தாயின் மார்பு ஜெயித்தது என்று இதைப் படிக்கவேண்டாம். முடிவு வருவதற்கு முன் இரண்டுமே 'நல்லதாகத்தான் இருக்கும்' என்று தோன்றியவை. குலுக்கிப் பார்த்த பிறகுதான் எது எது என்று தெரிந்தது.

*

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறள் வைத்தியத்துக்கு நான்கு பேரைக் கணக்கு வைக்கிறது: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து கவனிப்பவர். அந்த வராந்தாவில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது ஐந்தாவதாக ஒரு கூட்டம் எனக்குத் தெரிந்தது. நாம் முகம் அறியாத, பெயர் அறியாத குழந்தைகள். அந்த 195 பேர். மறுபக்கம் இருந்த 194 பேர். ஏழு வயதில் மறுபடி வந்து உயரம் அளந்துவிட்டுப் போன நியூசிலாந்துப் பிள்ளைகள். அவர்களுக்கு நடந்தது தெரிந்ததால்தான் எங்கள் டாக்டர் பயந்தார். அவர் பயந்தது எங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு. அந்தக் குழந்தைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. வாங்கியது தெரியாமலே வாங்கிய கடன் இது. கொடுத்தவர்களுக்கும் கொடுத்தது தெரியாது.

நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ட்ரிப்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். 286 இறங்கி 230-க்கு வந்தது. அடுத்த நாள் மாலை மறுபடி ஏறி 300-ஐத் தாண்டியது. ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பார்த்தார்கள். அதே எண். இன்சுலினை மிகக் குறைந்த அளவில் தொடங்கினார்கள். எந்த எண்ணில் நிறுத்துவது என்பதைத் தொடங்குவதற்கு முன்பே சீட்டில் எழுதி, பம்பின் மேல் ஒட்டியிருந்ததாக நர்ஸ் சொன்னார். பதினோரு மணி நேரம் ஓடியது. 170-க்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். பிறகு தேவைப்படவில்லை. எழுபது நாள் கழித்து அக்கா அவனை மார்போடு கட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

இன்சுலின்தான் காப்பாற்றியதா? போடாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பானா? ஒரே குழந்தையை இரண்டு விதமாக வாழ வைத்துப் பார்க்க முடியாது. அதனால் எங்களுக்குத் தெரியாது, இனிமேலும் தெரியப்போவதில்லை. அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவள் காரைக்கால் அம்மையாரிடம் வேண்டிக்கொண்டிருந்தாள். அடுத்த ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் ஒரு கூடை மாம்பழத்தைக் கூட்டத்தில் இறைத்துக் கடனைத் தீர்த்துவிட்டு வந்தாள்.

இப்போது அவனுக்கு நான்கு வயது. கொஞ்சம் குள்ளம்தான். கண்ணாடி போட்டிருக்கிறான். காலையில் அம்மா குப்பியிலிருந்து 16 யூனிட் இழுக்கும்போது பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "ஆயா, எனக்கு?" என்று கையை நீட்டுவான். "ஒனக்குத்தான் அப்பவே போட்டாச்சேடா" என்பாள் அவள்.

அம்மா தன் கடனை மாம்பழத்தால் தீர்த்துவிட்டாள். என் கடனை எங்கே கொண்டுபோய் இறைப்பது என்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை ஏதோ ஒரு வராந்தாவில், ஒரு களைத்த டாக்டர் வெளியே வந்து "இதுல ரெண்டு அபிப்பிராயம் இருக்கு" என்று சொன்னால், அவரிடம் கோபப்படுவதற்கு முன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்த வாக்கியத்துக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய பிள்ளை இருக்கலாம்.